படித்துப் பார்க்க ஆளில்லாத இருபது ஆண்டுகள்

மதுரையில் போஸ்டர் படிக்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. மார்கழி பாதி கழியும்போதே அவனியாபுரத்தில் சுவர் மறைந்துவிடும். தை முதல் நாள் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு. காளை வைத்திருப்பவர்கள், மாடுபிடிக் குழுவினர், கட்சிக்காரர்கள், பரிசு கொடுப்பவர்கள் என்று ஆளுக்கொரு போஸ்டர். ஒரு சுவரில் 'மாடுபிடி வீரர்' என்று இருக்கும். அடுத்த சுவரில் 'மாடுப்பிடி வீரர்' என்று இருக்கும். முதலாவதுதான் சரி. மாட்டைப் பிடித்தான் என்று 'ஐ' உருபு வெளிப்படையாக வந்தால் ப் மிகும். உருபு மறைந்து மாடுபிடி என்று வந்தால் மிகாது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நடத்திய இலக்கணம்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கூடுதல் ப் லேசில் அச்சேறிவிடாது. அச்சாபீசில் அதை அடித்துத் தள்ள ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆள் எப்போது போனார், அவர் வேலையைச் செய்யக் கணினிக்குள் ஒரு பிழைதிருத்தி எப்போது வந்தது, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதிவைக்க எனக்கு நெடுநாளாக ஆசை. முதல் பகுதியைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். கடைசிப் பகுதியைக் கணினி படித்தவர்கள் சொல்வார்கள். நடுவில் கிடக்கும் இருபது ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இருபது ஆண்டும் நான் டி.டி.பி. கடையில் விசைப்பலகைக்கு முன்னால் இருந்தவள்.

என் அப்பா மதுரை டவுனில் ஓர் அச்சாபீசில் கம்பாசிட்டர். சாய்வாக நிறுத்திய மரக் கேஸில் சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு ஈய எழுத்து. இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். வரிகள் சேர்ந்ததும் கேலி என்ற தட்டில் இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, மேலே மை உருட்டி, தாளை வைத்து எடுப்பதுதான் புரூப். ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும் என்பதால் கோக்கும்போது படித்துச் சரிபார்ப்பது கடினம். அதைவிடப் பெரிய ஆபத்து பிரித்துப் போடுவதில் இருந்தது. அச்சாகி முடிந்த பாரத்தைப் பிரித்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். ராத்திரி அசதியில் ல அறைக்குள் நாலு ள விழுந்துவிட்டால், அடுத்த வாரம் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலோ அது வெளியே வரும். கம்பாசிட்டரின் கை எழுத்தைப் பார்ப்பதில்லை, அறையை நம்பும். எனவே நன்றாகத் தமிழ் தெரிந்த கம்பாசிட்டர் கோத்த பக்கத்திலும் பிழை இருக்கும். இது அச்சாபீசில் எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் ரீடர்.

மெய்ப்புத் திருத்துநர் என்ற சொல்லை நான் பின்னாளில் புத்தகத்தில்தான் பார்த்தேன். அச்சாபீசில் அவர் ரீடர். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூலப்படியை உரக்கப் படிக்க ஒரு ஆள் வேண்டும். அவர் புரூப்பைப் பார்த்துக்கொண்டே வருவார். கோடை விடுமுறையில் அந்தப் படிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும் என்பதால் ரீடருக்கு என்னோடு பெரும்பாடு. "ழானாவும் ளானாவும் ஒண்ணு போலக் கேக்குது தாயி, நாக்க மடக்கு" என்பார். அவருக்குக் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்தன. நான் படித்த சொல்லுக்கும் தாளில் இருந்த சொல்லுக்கும் ஒரு மாத்திரை வித்தியாசம் வந்தாலும் பென்சில் நின்றுவிடும். அடித்த எழுத்துக்கு நேரே ஓரத்தில் சுழித்து ஒரு குறி, சேர்க்க வேண்டியதற்கு ஒரு கூம்பு, தலைகீழ் எழுத்துக்கு ஒரு குறி. மூன்று புரூப் பார்த்து, மூன்றாவதில் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். முதலாளி அவசரப்படுத்தினாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் மிஷின்மேன் தொட மாட்டார்.

இந்தக் கண்டிப்பு மதுரைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு வம்சமே கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழையில்லாத பதிப்பு என்றால் ஆறுமுக நாவலர் பதிப்புதான். பரிமேலழகர் உரையோடு அவர் திருக்குறளை அச்சிட்டபோது பொருளுதவி செய்தவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். அவருடைய மகன் பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். நூல் நிலையம், பண்டிதத் தேர்வுகள், அச்சகம், 'செந்தமிழ்' இதழ் என்று சங்கம் வளர்ந்தது. பாண்டித்துரைத் தேவரைப் பற்றி எங்கள் ரீடர் சொன்ன ஒரு செய்தியை மதுரையில் இன்னும் பலர் சொல்வார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட் என்ற ஆங்கிலேயர் தமிழ் கற்று, குறளில் எதுகை மோனை சரியாக அமையவில்லை என்று தமக்குப் பட்ட இடங்களையெல்லாம் தாமே திருத்தி அச்சிட்டாராம். தேவர் மிச்சமிருந்த படிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கி அழித்துவிட்டாராம்.

கேட்ட வயதில் எனக்குத் தேவரின் கோபம் மட்டும்தான் புரிந்தது. இப்போது யோசித்தால் ஸ்காட் செய்ததும் புரிகிறது. அவர் கையில் ஒரு விதி இருந்தது. விதி உண்மையானதுதான். ஆனால் விதிக்கு அடங்காமல் ஒரு சொல் நிற்கும்போது, அது அங்கே நிற்கக் காரணம் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ரீடர் சந்தேகம் வந்தால் திருத்த மாட்டார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே அனுப்பிவிடுவார். பிழை திருத்தும் தொழிலில் மிகப் பெரிய பாடம் அந்தக் கேள்விக்குறி என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

செய்தித்தாளும் இந்த ஊருக்குப் புதிதல்ல. தினத்தந்தி 1942 நவம்பர் 1 அன்று மதுரையில்தான் பிறந்தது. நாளிதழ் என்றால் ராத்திரி முழுக்க மெய்ப்புப் பார்க்கும் ஒரு பகுதி உண்டு. தியாகராசர் கல்லூரியில் தமிழ் நடத்திய அ.கி. பரந்தாமனார் எழுதிய 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்ற புத்தகம் எங்கள் ரீடர் மேசையில் அட்டை பிய்ந்து கிடந்தது. தெரியாததை அதில் தேடுவார், தெரிந்ததையும் தேடுவார்.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935இல் இருந்தே குடிஅரசில் பயன்படுத்திவந்த வடிவங்கள்: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகள். ஆணை ஒரு நாளில் வந்துவிட்டது. ஈயம் ஒரு நாளில் மாறாது. புது எழுத்து வார்த்து வாங்கும்வரை துதிக்கை வைத்த பழைய லையும் புது லையும் ஒரே பத்திரிகையில் சேர்ந்து வந்த காலம் உண்டு. ரீடருக்கு அதுவும் ஒரு கூடுதல் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டி.டி.பி. வந்தது. கணினி, பேஜ்மேக்கர், லேசர் பிரின்டர். ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். அப்பா வயதுக்காரர்கள் பைண்டிங்குக்குப் போனார்கள், கட்டிங் மிஷினுக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்குப் போனார்கள். தட்டச்சில் தமிழ் ஹையர் முடித்திருந்த என்னைப் போன்ற பெண்களுக்கு வேலை கிடைத்தது. ரீடர் போனதை யாரும் கவனிக்கவில்லை. அவரை நிறுத்தவும் இல்லை. அவருக்கு வேலை இல்லாமல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். திரையில் எழுத்து நேராகத் தெரிகிறது, படிக்க முடிகிறது, பிழை என்றால் ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம், எதற்குத் தனியாக ஒரு ஆள்? வாடிக்கையாளரே பக்கத்தில் நின்று பார்த்து, "எல்லாம் சரியாத்தேன் இருக்குக்கா, அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பார்த்தது தாய்மாமன் பெயர் மேலே இருக்கிறதா என்பதை. தன் வீட்டு விசேஷத்தின் எழுத்தை யாராலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடியாது. மனசு முன்னால் ஓடிவிடும். மூன்று புரூப் என்பது ஒரு பார்வையாகச் சுருங்கியது.

ஆங்கிலத்தில் இந்த மாற்றம் நடந்தபோது ரீடரின் இடத்தில் வேறொன்று ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. 1961இல் எம்.ஐ.டி.யில் லெஸ் எர்னஸ்ட், கையெழுத்தைப் படிக்கும் ஒரு நிரலுக்காகப் பத்தாயிரம் சொற்களைக் கணினியில் பட்டியலாக வைத்தார். 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய 'ஸ்பெல்' என்ற நிரல், பட்டியலில் இல்லாத சொல்லைக் காட்டியதோடு நிற்கவில்லை. ஓரெழுத்தை மாற்றியும் கூட்டியும் குறைத்தும், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை இடம் மாற்றியும் பார்த்து, இந்தச் சொல்லா என்று கேட்டது. 1995இல் வந்த வேர்டில், தட்டத் தட்டவே தவறான சொல்லின் கீழ் சிவப்பு நெளிகோடு விழுந்தது. 97இல் இலக்கணத்துக்குப் பச்சைக் கோடும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சிவப்புக் கோடு மதுரைக் கடைகளுக்கும் வந்தது. வந்து என்ன செய்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அன்றைய தமிழ் எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்துக்கு மேல் போர்த்திய தமிழ் வடிவங்கள். பாமினி என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனியாபுரம் என்று வர வேண்டுமானால் அ-வுக்கு எம் விசை, யா-வுக்கு ஏயும் எச்சும், பு-வுக்கு ஷிஃப்டோடு ஜி, ர-வுக்கு யு, ம்-முக்குக் கேயும் பக்கத்தில் அரைப்புள்ளியும். திரையில் பார்க்கிற நமக்கு அவனியாபுரம். கணினிக்கோ அது உச்சரிக்க முடியாத ஓர் ஆங்கிலச் சொல். ஆகவே பக்கம் முழுக்க, ஒரு சொல் விடாமல், சிவப்புக் கோடு. சரியான சொல்லுக்கும் கோடு, தவறான சொல்லுக்கும் கோடு. ஆபரேட்டர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது அந்தக் கோட்டை அணைத்து வைப்பதுதான். தமிழர்களில் ஒரு தலைமுறைக்குப் பிழைதிருத்தி அறிமுகமானதே அணைத்துவைக்க வேண்டிய ஒரு தொந்தரவாகத்தான்.

கோட்டை அணைத்தாலும் அதன் தம்பி ஒன்று உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக வேண்டும் என்பதால், நாம் சின்ன எழுத்தில் தட்டினாலும் வேர்டு தானாகவே பெரிதாக்கிவிடும். பாமினியில் சின்னக் கே ம. பெரிய கே மு. வாக்கியத்தை மதுரை என்று தொடங்கினால் முற்றுப்புள்ளிக்கு அடுத்து 'முதுரை' என்று மாறி நிற்கும். தமிழ் 'துமிழ்' ஆகும். வருக 'வுருக' ஆகும். பரிசு 'புரிசு' ஆகும். சின்ன எம் அ, பெரிய எம் ஆ. எனவே அவனியாபுரம் வாக்கியத்தின் முதலில் வந்தால் 'ஆவனியாபுரம்'. எழுதியவருக்குத் தமிழ் தெரியும், தட்டியவருக்கும் தெரியும், இருவரும் செய்யாத பிழை தாளில் இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில், கோயில் மலர்களில், சங்கத்து ஆண்டறிக்கைகளில் இந்தத் துமிழ்களையும் முதுரைகளையும் இன்றும் காணலாம். பழைய கோப்புகளை மாற்றும்போது எனக்கு அவை வந்துகொண்டே இருக்கின்றன. எந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் உகரமோ நெடிலோ புகுந்திருக்கிறதோ, அது வேர்டில் தட்டிய கோப்பு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பாமினி ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் தமிழை வேறு வேறு ஆங்கில எழுத்துகளில் வைத்தது. ஒரு கடையில் தட்டியதை அடுத்த கடையில் திறந்தால் படிக்க முடியாது. இதனால் இன்னொரு பெரிய இழப்பு உண்டு. பிழைதிருத்தி செய்ய வேண்டுமானால் முதலில் லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினி படிக்கக்கூடிய தமிழாகச் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தட்டிய பக்கங்களுக்குக் கணக்கே இல்லை. அத்தனையும் கணினிக்குப் புரியாத ஆங்கிலமாகச் சேர்ந்து கிடந்தன.

1999இல் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை வந்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு அது மேசைக் கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் மதுரை அச்சுக் கடைகள் பேஜ்மேக்கரை விடவில்லை, பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடுதான் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்ததே 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நாட்களில்தான். தொண்ணூறின் தொடக்கத்திலிருந்து அதுவரை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இருபது ஆண்டில் வளர்ந்த பிள்ளைகள் பார்த்த போஸ்டர், ஃபிளெக்ஸ், பத்திரிகை, பெயர்ப்பலகை எல்லாமே ரீடரும் பார்க்காதவை, கணினியும் பார்க்காதவை. 'திருமனம்' என்று ஒரு பிள்ளை எழுதினால் அதன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அது படித்த சுவர் அப்படி இருந்தது.

இதே காலத்தில் சத்தமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முதலானவர்கள் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் பணியைத் தொடங்கினார்கள். சங்கம் இருந்த ஊரின் பெயரால் அதற்கு மதுரைத் திட்டம் என்று பெயரிட்டார்கள். சம்பளம் கிடையாது. ஒருவர் தட்டுவார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார், நூலின் முகப்பில் இருவர் பெயரும் இருக்கும். எங்கள் அச்சாபீசில் ரீடர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை என்பதால், மெய்ப்புப் பார்த்தவர் பெயரை அங்கே முதல்முறை பார்த்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. பழைய எழுத்துரு உரைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளும் வந்தன. ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றி எத்தனையோ பாமினிக் கோப்புகளை உயிர்ப்பித்தது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் பிழைதிருத்தி வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கிறது. அதை உள்ளே போட்டுவிட்டால் போதாதா? போதாது. ஏன் போதாது என்று எங்கள் ஊர்க் காளையை வைத்தே சொல்லலாம். அகராதியில் காளை ஒரு சொல். நாம் எழுதுவது காளையை, காளைக்கு, காளையின், காளையோடு, காளைகளிடமிருந்து, காளைகளுக்காகத்தானே. கடைசிச் சொல்லில் கள், உக்கு, ஆக, தான், ஏ என்று ஐந்து ஒட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பட்டியல் போட்டு முடிக்க முடியாது. சொல்லைப் பிரித்து வேரைக் காண வேண்டும். ஓப்பன் ஆபீசிலும் பயர்பாக்ஸிலும் இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற கருவியை ஹங்கேரி மொழிக்காக லாஸ்லோ நேமெத் செய்தார். அந்த மொழியும் தமிழைப் போல ஒட்டுகளை அடுக்குவது. ஆனால் அந்தக் கருவி இயல்பாகப் பிரிப்பது இரண்டு அடுக்குகள். தமிழுக்கு அந்த இரண்டும் பாதி வழிதான்.

ஒட்டு போக ஒற்று. காளையைப் பிடித்தான் என்பதில் ப் வேண்டும், காளை பிடித்தான் என்பதில் வேண்டாம். இரண்டாவது சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதும், இரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்பதும் தெரிந்தால்தான் முதல் சொல்லைச் சரி அல்லது தவறு என்று சொல்ல முடியும். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை ஒரு கருவி, இலக்கணப் பிழை இன்னொரு கருவி. தமிழில் எழுத்தைத் திருத்தவே இலக்கணம் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதாமல் 'மாடுப்பிடி'யின் கீழ் ஒரு கோடு போட முடியாது.

அதைச் செய்ய ஆட்கள் வந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ந. தெய்வசுந்தரம் 'மென்தமிழ்' என்ற சொல்லாளரை உருவாக்கினார். எழுத்துப் பிழை பார்ப்பதோடு சந்தியும் திருத்தும். தமிழக அரசின் கணினித் தமிழ் விருதும் பெற்றது. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் இராஜாராமன், சந்திப் பிழைக்கு 'நாவி'யையும் சொற்பிழைக்கு 'வாணி'யையும் இணையத்தில் எல்லோரும் காசில்லாமல் பயன்படுத்தும்படி வைத்தார். மைக்ரோசாஃப்டும் வேர்டுக்குத் தமிழ்ப் பிழைதிருத்தியைக் கொடுத்தது. அது சொல்லைப் பார்க்கும், இலக்கணம் பார்க்காது. முதல்முறை வாணியில் ஒரு காதணி விழாப் பத்திரிகையை ஒட்டிப் பார்த்தபோது, கோடு விழுந்த சொற்களைவிடக் கோடு விழாத சொற்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான தமிழ்ச் சொல்லைச் சரி என்று ஒரு கணினி ஒத்துக்கொள்வதைப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருந்தது.

இன்றைக்கு என் கடையில் எந்த வேலையும் பிழைதிருத்தி பார்க்காமல் வெளியே போவதில்லை. அது பிடிப்பவை: விட்டுப்போன புள்ளி, இரட்டித்த எழுத்து, 'பொங்கள்', 'அஞ்சளி', 'நிகழ்ச்சிக்கு அணைவரும்'. பிடிக்காதவை: தவறான இடத்தில் வந்த சரியான சொல். மனம் ஒரு சொல், மணம் ஒரு சொல். 'மனமக்கள்' என்று சேர்த்து எழுதினால் கோடு விழலாம்; 'மன விழா' என்று பிரித்து எழுதினால் மன என்பது நல்ல தமிழ்ச் சொல்தானே என்று விட்டுவிடும். வலியும் வழியும் அப்படியே, பல்லியும் பள்ளியும் அப்படியே. ரீடரின் காது பிடித்த இடம் இது. அவர் சொல்லைப் பார்க்கவில்லை, கல்யாண வீட்டைப் பார்த்தார். கருவிக்கு அந்த வீடு இன்னும் தெரியாது. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதை நிறையத் தமிழ் படித்துக் கற்றுக்கொள்ளும் புதிய கருவிகள் அதையும் ஒரு நாள் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவை படிக்கப் போகும் தமிழில் அந்த இருபது ஆண்டுகளின் சுவர்களும் இருக்கும் என்பதுதான் என் கவலை.

சில இடங்களில் புலவர்களுக்கே ஒற்றுமை இல்லை. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? ஒரு கருவி இரண்டையும் ஏற்கும், ஒரு கருவி ஒன்றுக்குக் கோடு போடும். நான் க் போடுவதில்லை, பரந்தாமனார் புத்தகம் கிடந்த மேசையில் கற்ற பழக்கம். வாடிக்கையாளர் க் வேண்டும் என்று நின்றால் போட்டுக் கொடுப்பேன். கோடு விழுந்தது என்பதற்காக ஒருவர் எழுத்தை மாற்றக்கூடாது. முக்கியமாகப் பாட்டு, வட்டாரப் பேச்சு, பழைய கல்வெட்டு வாசகம். கருவி சொல்லும் மாற்றங்களை ஒரே சொடுக்கில் மொத்தமாக ஏற்றுவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் ஸ்காட் கதையை உட்காரவைத்துச் சொல்கிறேன்.

மிச்சம் பெயர்கள். எந்தக் கருவி வந்தாலும் முதலில் தடுமாறுவது பெயரில்தான். அவனியாபுரத்துக்கே கோடு விழுந்த காலம் உண்டு. பத்திரிகை என்பது பாதிக்கு மேல் பெயர்: ஊர், தெரு, குலசாமி, மாமன், மச்சான். அத்தனைக்கும் கோடு விழுந்தால் ஆபரேட்டருக்குக் கண் மரத்துப்போய், உண்மையான பிழையையும் தாண்டிவிடுவார். வேர்டில் வலது சொடுக்கில் 'அகராதியில் சேர்' என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் அதைத் தொடுவதே இல்லை. நான் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், பெருங்குடி, சின்ன உடைப்பு, ஈச்சனேரி, வெள்ளைக்கல், பாலாம்பிகை, கல்யாண சுந்தரேஸ்வரர், மந்தையம்மன். தனி அகராதி என்பது சாதாரண உரைக் கோப்புதான்; ஒரு வரிக்கு ஒரு சொல். ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் உள்ள பெயரைச் சேர்ப்பதில்லை, கேள்விக்குறி போட்டுத் தனி நோட்டில் எழுதிவைப்பேன்.

பெருங்குடிப் பக்கம் புதிதாகக் கடை போட்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தேன். வலையங்குளம், எலியார்பத்தி என்று தன் பக்கத்து ஊர்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, அயன்பாப்பாகுடியில க் உண்டா, இல்லையா? ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க." அந்த ஊர்க்காரர்கள் சிலரிடம் கேட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலகப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிட்டுச் சேர்ப்போம், அதுவரை நோட்டில் இருக்கட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.